பேட்டரியைக் காக்கும் ரூட்டிங்: பாதை ஊசலாடுவதை எப்படி நிறுத்துவது?

வணக்கம் நண்பர்களே. இரிடியம் என்ற தொலைத்தொடர்பு செயற்கைக்கோள் அமைப்பை சிமுலேஷனில் ஓட்டுகிறோம்: 6 சுற்றுப்பாதைத் தளம், தளத்துக்கு 11 செயற்கைக்கோள், உயரம் 780 கி.மீ. ஒரு சுற்று சுமார் 100 நிமிடம். அதில் பூமி நிழலில் கிட்டத்தட்ட 35 நிமிடம் வரை பேட்டரிதான் கதி.

டேட்டா போகும் மிக மலிவான பாதையைத் தேடும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தில், பாதையின் செலவாக தாமதத்தோடு, சார்ஜ் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்க இறங்க ஏறும் அபராதமும் சேர்த்திருக்கிறோம். 10 விநாடிக்கு ஒருமுறை பாதையைப் புதிதாகக் கணக்கிடுகிறோம். சிக்கல் இதுதான்: மொத்த டிராஃபிக்கும் வெயிலில் உள்ள பக்கத்து செயற்கைக்கோளுக்கு ஒரேயடியாகத் தாவுகிறது, அங்கே க்யூ நிரம்பி பாக்கெட் விழுகிறது, அடுத்த கணக்கில் திரும்பி வருகிறது. துருவத்தருகே தளங்களுக்கிடையே லிங்க் அணைவதால் மாற்று வழியும் குறைவு.

புதுப் பாதை 15 சதவீதமாவது மலிவானால்தான் மாறு என்று வைத்தால் ஊசல் அடங்குகிறது. ஆனால் நிழலில் இருப்பவை ஆழமாக வடிகின்றன. பேட்டரி ஆயுளே அதில்தான் போகிறது.

நிழலில் நுழையும் நேரம் முன்பே தெரியும் என்பதால், இப்போதைய சார்ஜுக்குப் பதில் நிழலை விட்டு வெளியேறும்போது மிஞ்சும் சார்ஜை வைத்து அபராதம் போட்டவர்கள் உண்டா? இரண்டு பாதைக்குப் பிரித்தனுப்பியவர்கள் என்ன விகிதம் வைத்தீர்கள்?