வெடிப்புக்குப் பக்கத்தில் தூங்கும் துகள்: எஸ்.பி.ஹெச். நிரலில் தனிக் காலப்படி வேண்டுமா?

மூன்று கருத்துகள் வாதிடுகின்றன: எல்லாத் துகளுக்கும் ஒரே படி என்பது ‘ஒரேபடி’, துகளுக்கேற்ற படி என்பது ‘இரண்டடுக்கு’, ஆற்றல் வாங்கிய துகளை உடனே எழுப்ப வேண்டும் என்பது ‘விழிப்பு’.

ஒரேபடி:
சூப்பர்நோவா வெடிப்பை, வாயுவைத் துகள்களாகப் பிரித்துக் கணக்கிடும் எஸ்.பி.ஹெச். முறையில் ஓட்டும்போது துகளுக்குத் துகள் வேறு காலப்படி (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே படி என்றால் ஒரு ஜோடியின் இரு பக்க விசையும் ஒரே கணத்தில் சேரும், உந்தம் காக்கப்படும். படிகள் வேறானால் வேகமான துகள் புது விசையை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். மெதுவானது பழைய விசையோடு நிற்கும். லீப்ஃபிராக் முறை (திசைவேகத்தையும் இடத்தையும் மாறி மாறி நகர்த்துவது) நெடுங்காலம் ஆற்றலைக் காப்பதும் படி மாறாதவரைதான்.

இரண்டடுக்கு:
செலவைப் பாருங்கள். 10 கெல்வின் வாயுவில் 1 கோடி கெல்வின் சூடு விழுந்தால் வெப்பநிலை 10 லட்சம் மடங்கு, ஒலிவேகம் 1000 மடங்கு. கூரான்ட் நிபந்தனைப்படி (ஒரு படியில் ஒலி ஒரு துகளின் அளவைத் தாண்டக் கூடாது) காலப்படியும் அவ்வளவு சுருங்கும். இரண்டின் அடுக்குகளில் சொன்னால் 10 அடுக்கு, 1024 மடங்கு. 1 கோடி துகளில் 1000 மட்டும் சூடானவை என்று வையுங்கள். ஒரே படியில் சுமார் 1000 கோடி விசைக் கணக்கு, தனிப்படியில் சுமார் 1.1 கோடி. எல்லாத் துகளையும் நகர்த்தும் வேலை இந்த லாபத்தில் ஒரு பங்கைத் தின்னும், உண்மைதான். மிச்சமே ஏராளம்.

ஒரேபடி:
அந்த 1024 படிகளும் பக்கத்துக் குளிர்துகள் தூங்குகிறதே, அதன் விசை புதுப்பிக்கப்படுவதில்லை! அதன் அடர்த்தியைக்கூடப் பழைய திசைவேக விரிவை வைத்து நீட்டித்துத்தான் எடுக்கிறோம். அதிர்ச்சியலை வந்து அமுக்குவது அதற்குத் தெரியாது. சூடான துகள்கள் அதைத் துளைத்துப் போன பிறகு விழிக்கும். சிக்னல் வேகத்தில் (படியை முடிவுசெய்யும், துகள்களுக்கிடையே தகவல் செல்லும் வேகம்) பக்கத்துத் துகளின் ஒலிவேகத்தையும் சேர்த்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். விழித்தால்தானே அதைக் கணக்கிடும்?

இரண்டடுக்கு:
சைட்டோவும் மக்கினோவும் 2009இல் சொன்ன கட்டுப்பாடு இதற்குத்தான்: அண்டைத் துகள்களின் காலப்படி 4 மடங்குக்கு மேல் வேறுபடக் கூடாது, அதாவது 2 அடுக்கு. 2005இல் வந்த கேட்ஜெட்-2 என்ற எஸ்.பி.ஹெச். நிரலின் பொதுப் பதிப்பில் இது கிடையாது, நாமே சேர்க்க வேண்டும். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நடுவில் எழுப்பும் துகளுக்குப் படித் தொடக்கத்திலேயே நீண்ட படியின் அரைக் கிக் (பாதிப் படிக்கான திசைவேக மாற்றம்) கொடுத்தாயிற்று. படி சுருங்கினால் மிகையாகப் போன கிக்கைக் கழிக்க வேண்டும். பழைய முடுக்கத்தைப் பழைய படிக்கும் புதிய படிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியால் பெருக்கி, திசைவேகத்திலிருந்து எடுங்கள். இதை விட்டுவிட்டுக் கட்டுப்பாட்டையே குறைசொல்வது நியாயமில்லை.

விழிப்பு:
நீங்கள் சொல்வதும் பாதிதான். ஆற்றலை வாங்கும் துகளே தூக்கத்தில் இருந்தால்? கட்டுப்பாடு விழித்த துகளின் அண்டையைத்தான் பார்க்கும். வாங்கிய துகள் தன் பழைய நீண்ட படி முடியும்வரை யாரையும் எழுப்பாது. டூரியே, டல்லா வெக்கியா இருவரும் 2012இல் இதையே காட்டினார்கள்: ஆற்றலைக் கொட்டிய அந்தக் கணமே துகளை விழிக்கவைத்துப் படியைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். வெப்பமாகக் கொட்டினாலும் சரி, உதைத்துத் தள்ளினாலும் சரி, இது பொருந்தும்.

ஒரேபடி:
இரண்டும் சேர்ந்தால் வெடிப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜோடி விசையின் சமச்சீர் திரும்பி வராது, பிழை சிறிதாகும், அவ்வளவே. நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓடும் சுழல் வாயு வட்டில் கோண உந்தம் மெல்லக் கசியும். அங்கே காலப்படிகளின் வீச்சும் பெரிதல்ல. ஒரே படிதான் வைப்பேன்.

விழிப்பு:
வட்டுக்குச் சரி. வெடிப்புக்கு செடோவ் சோதனையை (விடை தெரிந்த புள்ளி வெடிப்பு) ஓட்டிக் காட்டுங்கள். வாயுவின் வெப்பத் தகவு (காமா) 5/3 என்றால் அலையின் ஆரம், (ஆற்றல் × காலத்தின் வர்க்கம் ÷ அடர்த்தி) என்பதன் ஐந்தாம் மூலத்தைப் போல 1.15 மடங்கு. கூரான்ட் எண்ணை (படியின் நீளத்தை முடிவுசெய்யும் பெருக்கி) 0.3, 0.15 என்று பாதியாக்கி இரு தடவை ஓட்டுங்கள். அப்போதும் ஆற்றல் பிழை குறையவில்லையென்றால் கோளாறு படியின் நீளத்தில் இல்லை, எழுப்பும் நிரலில் இருக்கிறது. மொத்த ஆற்றலை எல்லா அடுக்குகளும் ஒத்துவரும் கணத்தில் மட்டும் அச்சிடுங்கள். இடையில் எடுத்தால் பாதித் துகள்களின் திசைவேகம் அரைக் கிக்கில் நிற்கும், இல்லாத பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.