ஒற்றைச் செடியில் 40% கூடுதல் மகசூல். வயலுக்கு வந்தால் அது எங்கே போகிறது?

கேள்வி: கதிர்மணி

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டியது. ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி 2080களின் நடுவில் அது சுமார் 1,030 கோடியில் உச்சம் தொடும். 2013இல் வந்த ஓர் ஆய்வு, மகசூல் உயரும் வேகத்தை நெல்லுக்கு ஆண்டுக்கு 1.0%, கோதுமைக்கு 0.9%, மக்காச்சோளத்துக்கு 1.6%, சோயாவுக்கு 1.3% என்று கணக்கிட்டது. 2050க்குள் உற்பத்தி இரட்டிப்பாக வேண்டுமானால் 2.4% வேண்டுமாம்.

ஆனால் ஒரு மரபணுவை மாற்றினோம், 30% கூடியது, 40% கூடியது என்று கட்டுரைகள் வந்தபடியே இருக்கின்றன. வயலில் அந்தப் பாய்ச்சலைக் காணோம். என் கேள்விகள் மூன்று. அந்தக் கூடுதல் எங்கே கரைகிறது? ஒரு கட்டுரையைப் படிக்கும்போதே அதன் மகசூல் கணக்கை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது? விரைவு இனப்பெருக்க முறை வந்துவிட்டதே, இனி பத்து ஆண்டு வேலை மூன்று ஆண்டில் முடியாதா?

பதில் 1: பாத்திக்கணக்கு

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கட்டுரையில் ‘மகசூல்’ என்று எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். பல நேரங்களில் அது தொட்டியில் வளர்ந்த ஒரு செடியின் மணி எடைதான். வயலில் மகசூல் என்றால் பரப்புக்கு எவ்வளவு என்பது மட்டுமே. நெல்லை 20×20 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 25 குத்து. குத்துக்கு 12 கதிர் வைத்தால் 300 கதிர். கதிருக்கு 100 நிறைமணி, ஆயிரம் மணியின் எடை 25 கிராம். பெருக்கிப் பார்த்தால் 750 கிராம், அதாவது ஹெக்டேருக்கு 7.5 டன். இந்த எண்களில் ஏதாவது ஒன்றை உயர்த்துவது பெரிய காரியமில்லை. தூர் கூடினால் கதிர் சிறுக்கும். கதிர் நீண்டால் அதன் அடிப்பக்க மணிகள் பால் பிடிக்காமல் பதராகும். மணி பருத்தால் எண்ணிக்கை குறையும். நெருக்கி நட்ட வயலில் ஒவ்வொரு செடிக்கும் கிடைக்கும் வெளிச்சமும் தழைச்சத்தும் அளவுக்குட்பட்டவை. தொட்டிச் செடிக்கு அந்தப் போட்டியே கிடையாது, ஆகவே அங்கே கண்ட கூடுதலில் பெரும்பகுதி இங்கேதான் கரைகிறது.

வயலில் செய்த சோதனையாக இருந்தாலும் மூன்று இடங்களில் எண் ஊதிப்போகும்.

ஒன்று, ஓர வரிசை. 2×5 மீட்டர் பாத்தியில் அதே இடைவெளியில் 250 குத்து நிற்கும். சுற்றி ஒரு வரிசை மட்டும் எண்ணினாலே 66 குத்து, அதாவது 26%. அவற்றுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும். ஓரச் செடி உட்செடியைவிட 40% அதிகம் விளைந்தால் பாத்தியின் மொத்தக் கணக்கு 10% வீங்கிவிடும். எல்லா ரகத்துக்கும் ஒரே அளவில் வீங்கினாலாவது ஒப்பீடு தப்பிக்கும், அப்படியும் நடப்பதில்லை. உயரமான ரகம் பக்கத்துப் பாத்திக் குட்டை ரகத்தின் மேல் நிழலைப் போட்டுத் தன் கணக்கை ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் ஓரத்தில் இரண்டு வரிசை விட்டு, நடுவில் 5 சதுர மீட்டராவது அறுத்து எடை போடுகிறோம்.

இரண்டு, ஈரப்பதம். நெல் எடையை 14% ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிட வேண்டும். அறுத்த எடையை (100 − ஈரப்பதம்) ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் சரியான எடை வரும். 5 சதுர மீட்டரில் 22% ஈரத்தோடு 3.6 கிலோ கிடைத்தால், திருத்தாமல் ஹெக்டேருக்கு 7.2 டன் என்று தெரியும். திருத்தினால் 6.53 டன். பின்னால் முதிரும் ரகத்தை ஒப்பீட்டு ரகத்தோடு ஒரே நாளில் அறுத்தால் இந்த 10% வெறும் தண்ணீர்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒவ்வொரு ரகத்தையும் மூன்று பாத்திகளில் வைத்த ஒரே சோதனையில் மாறுபாட்டுக் கெழு (பாத்திக்குப் பாத்தி வரும் சிதறல், சராசரியின் சதவீதமாக) 10% என்றால், இரு ரகங்களுக்கு நடுவே சுமார் 17% இடைவெளி இருந்தால்தான் அதை நிஜ வேறுபாடு என்று சொல்ல முடியும். அதே சோதனையை 10 இடங்களில் 2 பருவம் வைத்து ரகத்துக்கு 60 பாத்திகளாக்கினால், பாத்திப் பிழையளவில் அந்த இடைவெளி 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஒரு நல்ல இனப்பெருக்கத் திட்டம் ஆண்டுக்கு எட்டிப்பிடிக்கும் 1% முன்னேற்றத்தை ஒற்றைச் சோதனை கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

ஆகவே கட்டுரையில் தேட வேண்டியவை: பரப்புக் கணக்கு, குறைந்தது இரண்டு ஆண்டு, பல இடங்கள், உழவர்கள் இன்று பயிரிடும் நல்ல ரகம் ஒப்பீட்டுக்கு இருக்கிறதா. கடைசியானது இல்லையென்றால் மீதியைப் படிக்கவே வேண்டாம். விளைச்சல் குன்றிய ஆய்வுக்கூட ரகத்தை 40% தூக்கி நிறுத்தினாலும் அது நல்ல ரகத்தின் மட்டத்தை எட்டாமல் போகலாம்.

பதில் 2: தலைமுறை

விரைவு இனப்பெருக்கம் பற்றி. 2018இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகமும் ஜான் இன்னஸ் மையமும் வெளியிட்ட முறையில் 22 மணி நேரம் ஒளி, 2 மணி நேரம் இருள், வெப்பம் ஒளியில் 22 டிகிரி, இருளில் 17 டிகிரி. வசந்தகாலக் கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஆண்டுக்கு 6 தலைமுறை வரை எடுக்கலாம். கதிர் முழுதாக முற்றக் காத்திருப்பதில்லை. பூத்து இரண்டு வாரத்தில் அறுத்து, உலர்த்தி, விதையுறக்கம் இருந்தால் சில நாள் குளிரில் வைத்து உடனே விதைக்கிறார்கள்.

இதை அப்படியே நெல்லுக்குக் கொண்டுபோனால் கெட்டது. நெல்லும் சோயாவும் குறும்பகல் பயிர்கள். 22 மணி நேர ஒளியில் அவை பூக்காமல் இலையாகவே வளர்ந்து நிற்கும், பூக்கத் தூண்ட ஒளியைப் பத்து மணி நேரம் அளவுக்குக் குறைக்க வேண்டும். குளிர்காலக் கோதுமைக்கு முதலில் பல வாரக் குளிர்ப்பதம் கட்டாயம் என்பதால் அதிலும் 6 தலைமுறை வராது. வளர்ச்சி வேகத்துக்குக் கால்சியம் ஈடுகொடுக்காமல் இலை நுனி கருகுவதும் உண்டு, உரக் கரைசலில் அதைக் கவனித்துச் சேர்க்க வேண்டும்.

இனி உங்கள் மூன்று ஆண்டுக் கணக்கு. கலப்புச் செய்ததிலிருந்து நிலைத்த வரிசை (தலைமுறை மாறினாலும் குணம் மாறாத செடிகள்) கிடைக்க ஐந்தாறு தலைமுறை, வயலில் ஆண்டுக்கு இரண்டு பருவம் என்றால் மூன்று ஆண்டு. விரைவு முறை சுருக்குவது இந்தப் பகுதியை மட்டும்தான். அதற்குப் பிறகு பல இடச் சோதனை மூன்று ஆண்டு, அப்புறம் வெளியீட்டு அனுமதி, விதைப் பெருக்கம். பாத்திக்கணக்கு சொன்ன அந்த 60 பாத்திகளை எந்த விளக்கும் சுருக்காது. நெருக்கமான சிறு தொட்டிகளில் வளரும் செடியைப் பார்த்து மகசூலுக்குத் தேர்வு செய்யவும் வழியில்லை.

நேரத்தை உண்மையில் மிச்சப்படுத்தும் இடம் வேறு. ஆண்டு முன்னேற்றம் என்பது தேர்வின் கடுமை, கணிப்பின் துல்லியம், மரபு வேறுபாடு மூன்றையும் பெருக்கி, ஒரு சுற்றுக்கு ஆகும் ஆண்டுகளால் வகுத்தது. ரகம் வெளியான பிறகு அதையே அடுத்த கலப்புக்குப் பெற்றோராக எடுத்தால் சுற்று பத்து ஆண்டு. முதல் பல இடச் சோதனைத் தரவு வந்ததுமே நல்ல வரிசைகளைப் பெற்றோராக்கினால் நாலைந்து ஆண்டு. வகுக்கும் எண் பாதியானால் முன்னேற்றம் இரட்டிப்பாகும், புதிய கருவி ஒன்றும் வேண்டாம். மரபணுத்தொகுதித் தேர்வு (டிஎன்ஏ அடையாளங்களை வைத்துச் செடியின் திறனை முன்கூட்டியே கணிப்பது, 2001இல் மெவிசன், ஹேய்ஸ், கோடார்ட் முன்வைத்தது) இதை இன்னும் சுருக்கும். ஆனால் கணிப்பு மாதிரியைப் பழக்கிய தொகுப்பும் தேர்வு செய்யும் தொகுப்பும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் துல்லியம் தேயும். புதிய வயல் தரவை ஊட்டாமல் மூன்று சுற்று ஓட்டினால் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும்.

பதில் 3: துருநோய்

மேலே இரண்டு பேரும் சொல்லாத ஒன்று. ஆராய்ச்சி உழைப்பில் பெரும்பங்கு மகசூலை உயர்த்துவதற்கல்ல, விழாமல் பிடித்து நிறுத்துவதற்கே செலவாகிறது.

ஐஆர்8 என்ற நெல் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தோனேசியாவின் பேட்டாவையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் கலந்து 1966இல் வெளியிட்டது. எஸ்டி1 மரபணுவால் குட்டையாகி, உரம் போட்டாலும் சாயாமல் நின்று, அங்கே ஹெக்டேருக்கு 9, 10 டன் வரை கொடுத்தது. அதே பண்ணையில் இன்று அந்த அளவு வருவதில்லை. பாதுகாத்து வைத்த பழைய விதையை விதைத்துப் பார்த்தும் அப்படித்தான். எனவே விதை கெடவில்லை, சுற்றியிருக்கும் சூழல்தான் மாறியிருக்கிறது. அந்தப் பண்ணையின் 1979 முதல் 2003 வரையிலான வானிலைப் பதிவுகளை வைத்து 2004இல் வந்த ஆய்வு, மழை குறைந்த உலர்பருவத்தில் இரவுக் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி ஏறும்போது நெல் மகசூல் 10% குறைவதைக் காட்டியது.

பூச்சியும் நோயும் அதைவிட வேகம். 1973இல் வந்த ஐஆர்26 நெல், புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்கு எதிராக ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பியிருந்தது. சில ஆண்டுகளிலேயே அதை மீறும் புகையான் பெருகிவிட்டது. கோதுமையில் 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யூஜி99 தண்டுத் துருநோய், உலகெங்கும் நம்பியிருந்த எஸ்ஆர்31 மரபணுவை உடைத்தது. ஒற்றை மரபணுவை மட்டும் போட்டு ரகத்தைப் பரப்பினால் நோய்க்கிருமி ஒரே ஒரு மாற்றத்தில் தப்பிவிடும். மூன்று நான்கை அடுக்கி வெளியிட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மீறும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுக்கில் இருக்கும் அதே மரபணுவை வேறொருவர் தனியாக ஒரு ரகத்தில் வெளியிட்டுவிட்டால் அடுக்கும் பலவீனப்படும், இதில் கட்டுப்பாடு அவசியம்.

கதிர்மணி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பி வயலில் உண்மையாகவே நிலைத்த மரபணு ஏதாவது உண்டா? அது எதனால் நிலைத்தது?

பதில் 4: விதைப்படி

நெல்லை வெள்ளத்திலிருந்து காக்கும் சப்1ஏ. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய ரகத்திலிருந்து வந்தது, மரபணு 2006இல் அடையாளம் காணப்பட்டது, அதை ஸ்வர்ணா ரகத்துக்குள் ஏற்றிய ஸ்வர்ணா-சப்1 2009இல் இந்தியாவில் வெளியானது. முழுக்க மூழ்கிய நெல் மூச்சுக்காக மேலே நீண்டு, சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துக்கொண்டு செத்துப்போகும். சப்1ஏ அந்த நீட்சியை அடக்கிவைக்கிறது. தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருக்கும் சத்தில் மீண்டும் துளிர்க்கும். ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும்.

நிலைத்ததற்கு முதல் காரணம், ஏற்கனவே லட்சக்கணக்கான ஹெக்டேரில் நின்ற ஸ்வர்ணாவுக்குள் அதை வைத்தது. சோறும் அரவையும் வயதும் பழகியவை, வெள்ளம் வராத ஆண்டில் இழப்பும் இல்லை. இரண்டாவது, தேவையற்ற மரபுச் சுமையை வெட்டியது. கலப்பில் வந்த செடியை மீண்டும் ஸ்வர்ணாவோடு கலப்பதுதான் பின்கலப்பு. அது ஒவ்வொன்றிலும் ஸ்வர்ணாவின் பங்கு சராசரியாக 75, 87.5, 93.75% என்று ஏறும். ஆனால் மரபணுவை ஒட்டிய பகுதி கூடவே தொங்கிக்கொண்டு வரும். அதனால் முதல் பின்கலப்பில் மரபணுவின் ஒரு பக்கம் அறுந்த செடியையும், அடுத்ததில் மறுபக்கம் அறுந்த செடியையும் மூலக்கூறு அடையாளங்களால் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கணக்கான நாற்றுகளைச் சோதித்தால்தான் அப்படி ஒன்று அகப்படும். அப்படியும் நெருங்கி ஒட்டியது வந்துவிட்டது. ஸ்வர்ணாவின் பொன்னிற உமி ஸ்வர்ணா-சப்1இல் வைக்கோல் நிறமாகிவிட்டது. விதைக் கலப்படத்தைப் பிரிக்க அது உதவியே செய்கிறது.

எல்லை தெரிந்து கொடுக்க வேண்டும். வாரக்கணக்கில் அரையளவு தேங்கும் நீருக்கு இது ஏற்றதல்ல, அங்கே செடி நீண்டால்தான் பிழைக்கும். விதைத்தவுடன் மூழ்குவதற்கும் உதவாது. நீர் வடிந்த அன்றே யூரியா போடவும் கூடாது. புது இலை விரிய சில நாள் பொறுத்துப் போட்டால்தான் வேர் எடுத்துக்கொள்ளும்.

விதைப் பெருக்கத்தைத் தடை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஹெக்டேருக்கு 40 கிலோ விதைத்து 4 டன் விதை எடுத்தால் நூறு மடங்கு. 10 கிலோ வல்லுநர் விதை (ரகத்தை உருவாக்கியவர்கள் தரும் மூல விதை) ஒரு பருவத்தில் 1 டன், அடுத்து ஆதார விதையாக 100 டன், பிறகு சான்று விதையாக 10,000 டன். அது இரண்டரை லட்சம் ஹெக்டேருக்குப் போதும். தரத்தில் தள்ளுபடியாவதைக் கழித்தாலும் நாலு பருவம். தாமதம் இதற்கு முந்தைய படியில் நடக்கிறது. எந்த ரகத்துக்கு எவ்வளவு வல்லுநர் விதை வேண்டும் என்று மூன்று பருவம் முன்பே கேட்டு வைக்க வேண்டும், எல்லோரும் பழைய ரகத்தையே கேட்கிறார்கள். வெளியீட்டுச் சோதனையின் கடைசி ஆண்டிலேயே உழவர் வயல்களில் புதியதையும் பழையதையும் பக்கம் பக்கமாக நட்டு, அதே ஆண்டில் வல்லுநர் விதையையும் பெருக்கத் தொடங்கினால் இரண்டு ஆண்டு மிச்சம். ரகம் தேறாவிட்டால் பெருக்கிய விதையை அரிசியாக்கிவிடலாம், நட்டம் அவ்வளவுதான்.