மன்னார் தீவுகளைத் திறந்துவிட்டால் என்ன?

ஓசூர்க்காரன்:
போன மாதம் வியட்நாமில் ஹா லாங் வளைகுடா போய்விட்டு வந்தேன். சின்னதும் பெரியதுமாக 1,900 தீவுகளுக்கு மேல். படகிலேயே இரவு தங்கலாம், குகைக்குள் நடக்கலாம். 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம், கூட்டம் அள்ளுகிறது. நம்மிடமும் மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்துப் பெரும்பாலும் பூட்டியாயிற்று. திறந்துவிட்டால் ராமநாதபுரம் மாதிரி காய்ந்த மாவட்டத்துக்குப் பிழைப்பு கிடைக்கும் இல்லையா? கடலே இல்லாத நம் பக்கம் ஒகேனக்கல்லை வைத்தே எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது!

பென்னாகரத்தான்:
ஒகேனக்கல்லை இழுத்தது நீங்கள்தான் அண்ணா. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் காலையில் வாருங்கள். பாறை இடுக்கெல்லாம் ஷாம்பு கவர், மசாஜ் எண்ணெய் பாட்டில், அவிழ்த்துப் போட்ட துணி. இதையே அங்கேயும் கொண்டுபோகவா?

குவாரிமேடு, கிருஷ்ணகிரி:
குப்பை இருக்கட்டும், முதலில் இரண்டும் ஒரே ஜாதித் தீவா என்று பாருங்கள். ஹா லாங்கில் இருப்பது சுண்ணாம்புக்கல் மலை. மழைநீர் லட்சக்கணக்கான வருஷம் அரித்து, அப்புறம் கடல் உள்ளே புகுந்து, உச்சிகள் மட்டும் தீவாக நிற்கின்றன. பல பாறைகள் 50 முதல் 100 மீட்டர் உயரம். அவ்வளவு பாறை சுற்றி நிற்பதால் உள்ளே அலையும் குறைவு. மன்னாரில் மணலும் பவளத் துண்டும் சேர்ந்த திட்டுகள். கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். 21 என்பதே பழைய கணக்கு. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் முழுகிவிட்டன. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆளில்லை, தீவு போய்விட்டது. கல் வெட்டுகிற ஊர்க்காரன் சொல்கிறேன், வெட்டின கல் திரும்ப வளராது. பவளம் வளரும், ஆனால் நம் ஆயுசுக்குள் இல்லை.

ஓசூர்க்காரன்:
வெட்டியது யாரோ, வேடிக்கை பார்க்க வருபவனுக்குத் தண்டனையா? நங்கூரம் போடாமல், மிதவையில் கட்டிப் படகு ஓட்டலாமே.

பென்னாகரத்தான்:
அந்தத் திட்டுகளைச் சுற்றிக் கடற்புல் இருக்கிறது. கடற்பசு அதைத் தின்றுதான் வாழ்கிறது. ஆழமில்லாத இடத்தில் மோட்டார் படகு ஓடினால் புல் வேரோடு போகும். மிதவை அதற்கு என்ன செய்யும்?

அரூர் அக்கா:
என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது ராமநாதபுரம் கடற்கரையில். அதனால் இரண்டு பேரிடமும் ஒரு கேள்வி. அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் இருக்கிறார்கள். முகத்தில் கண்ணாடி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு முழுகுவார்கள். பவளம் விரலைக் கிழிக்கும், அதற்குத்தான் துணி. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று அவர்களாகவே கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். பூங்கா என்று சொல்லி அவர்களை விரட்டுகிறார்கள். இப்போது கேமராவோடு வருபவனுக்கு மட்டும் கதவு திறக்குமா? ஹா லாங்கிலும் கூவா வான் என்று மிதக்கும் மீனவர் கிராமம் இருந்தது. 2014இல் அந்தக் குடும்பங்களைக் கரைக்கு மாற்றினார்கள். தம்பி, நீங்கள் பார்த்த மிதக்கும் வீட்டில் ராத்திரி யாராவது தூங்குகிறார்களா என்று விசாரித்தீர்களா?

ஓசூர்க்காரன்:
அக்கா, நீங்கள் சொல்வது நியாயம். அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பெண்களையே படகுக்காரர்களாக, வழிகாட்டிகளாக வைத்தால்? எல்லாத் தீவும் வேண்டாம். பாம்பன் பக்கம் குருசடை ஒன்று போதும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணி விடட்டும்.

குவாரிமேடு, கிருஷ்ணகிரி:
வழிகாட்டி சரி. அந்த எண்ணிக்கையை யார் காப்பாற்றுவது? ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் பரிசல் துறையில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

அரூர் அக்கா:
அதற்கு முன்னால் பாசி எடுக்க விடட்டும். படகை அப்புறம் பேசலாம்.