கலைச்சொல்: 'சைடீரியல் டைம்' – நட்சத்திர நேரமா, மீன்வழி நேரமா?

வணக்கம்.

'லோக்கல் சைடீரியல் டைம்' என்பதற்கு நம் வானியல் கலைச்சொற்களின் வரைவுப் பட்டியலில் 'உள்ளூர் நட்சத்திர நேரம்' என்று இருக்கிறது. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு நட்சத்திரம் என்றால் நிலவு தங்கும் 27 பிரிவுகளில் ஒன்று. இதைப் படித்ததும் 'ரோகிணி எத்தனை மணி வரை' என்றுதான் நினைப்பார்கள். 'விண்மீன் நேரம்' என்று மாற்றலாமா?

—

ஐயா, பஞ்சாங்கக் குழப்பம் உண்மைதான். ஆனால் 'விண்மீன்' என்ற சொல்லை இங்கே செலவழித்துவிட்டால் பிறகு திண்டாடுவோம். இந்த நேரம் எந்த ஒரு விண்மீனையும் வைத்து அளப்பதல்ல. வேனிற் சம இரவுப் புள்ளி (மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் இருக்கும் வானப்புள்ளி), உச்சிவட்டத்தை (தலைக்கு மேலே வடக்கு தெற்காகச் செல்லும் வட்டத்தை) கடந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதே அது. அயனச் சலனத்தால், அதாவது பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், அந்தப் புள்ளியே மெல்ல நகர்கிறது. அதனால் 'சைடீரியல் டே' 23 மணி 56 நிமிடம் 4.091 நொடி, விண்மீன்களை ஒப்பிட்டு அளக்கும் 'ஸ்டெல்லார் டே' 23 மணி 56 நிமிடம் 4.099 நொடி. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேவை. முன்னது 'மீன்வழி நாள்', பின்னது 'விண்மீன் நாள்' என்பது என் பரிந்துரை.

'உள்ளூர்' என்பதும் பொருந்தவில்லை. பேச்சு வழக்கில் உள்ளூர் நேரம் என்றால் அந்நாட்டுப் பொது நேரம். இங்கோ ஒரே நேர வலயத்துக்குள்ளேயே நெட்டாங்கு 1° கிழக்கே போனால் 4 நிமிடம் கூடிவிடும். 'இட மீன்வழி நேரம்' என்போம்.

விளக்கக் குறிப்பில் ஒரு கணக்கும் வேண்டும். கிரீன்விச்சில் மீன்வழி நேரம் 3 மணி என்றால், கிழக்கு 45° நெட்டாங்கில் 6 மணி. சிரியஸ் என்ற விண்மீனின் வல ஏற்றம் (சம இரவுப் புள்ளியிலிருந்து கிழக்கே எவ்வளவு தள்ளி என்பது, மணிக்கணக்கில்) 6 மணி 45 நிமிடம். 6 மணியிலிருந்து அதைக் கழித்தால் மணிக்கோணம் (உச்சிவட்டத்தைக் கடந்து ஆன நேரம்) −45 நிமிடம். அதாவது சிரியஸ் இன்னும் உச்சிவட்டத்துக்குக் கிழக்கேதான் இருக்கிறது. கிழக்கு நெட்டாங்கைக் கிரீன்விச் நேரத்தோடு கூட்டினோம்; மேற்கு நெட்டாங்கைக் கழிக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: 45°-இல் குறி மாறினால் விடை 6 மணி பிசகும்.

இவை மீன்வழி மணிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 15° மேற்கே உள்ளவருக்கு அதே விண்மீன் உச்சிக்கு வருவது, சாதாரணக் கடிகாரத்தில் ஒரு மணி கழித்து அல்ல, 59 நிமிடம் 50 நொடி கழித்து.

உதயத்துக்கு நெட்டாங்கு மட்டும் போதாது. ஒளிவிலகலைச் சேர்க்காமல், மீன்வழி மணிகளில் பார்த்தால், வடக்கு அகலாங்கு 10°-இல் சிரியஸ் உச்சியடைய 5 மணி 48 நிமிடம் முன்பே எழும். 50°-இல் 4 மணி 36 நிமிடம் முன்புதான்.

—

'மீன்வழி', 'இட' இரண்டுக்கும் சம்மதம். ஒரு திருத்தம்: 'சைடீரியல் இயர்' மட்டும் உண்மையிலேயே விண்மீன்களை ஒப்பிட்டு அளப்பது, 365.2564 நாள். சம இரவுப் புள்ளியை ஒட்டிய பருவ ஆண்டு 365.2422 நாள். எனவே உங்கள் பிரிப்பின்படி அது 'விண்மீன் ஆண்டு' ஆக வேண்டும். பட்டியலில் 'சைடீரியல்' வரும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'மீன்வழி' என்று மாற்ற வேண்டாம்; ஒவ்வொரு பதிவிலும் எதை ஒப்பிட்டு அளக்கிறார்கள் என்று பார்த்த பிறகே மாற்றுங்கள்.