மறு: மறு: சங்கிலிக் குண்டு எறிதலில் ‘கவுன்ட்டர்’ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர் (தொடக்க மடல், செவ்வாய்)

அனைவருக்கும் வணக்கம்.

சங்கிலிக் குண்டு எறிதல் (‘ஹேமர் த்ரோ’) பற்றிப் பயிற்சியாளர் வகுப்புக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். விதிப் பகுதி முடிந்தது: எறிகருவியின் எடை ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ, எறிவட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். நுட்பப் பகுதியில் மாட்டிக்கொண்டேன். ‘சிங்கிள் சப்போர்ட்’, ‘டபுள் சப்போர்ட்’ இரண்டுக்கும் ஒருகால் ஊன்றல், இருகால் ஊன்றல் என்று போட்டிருக்கிறேன். ‘கவுன்ட்டர்’தான் இடிக்கிறது. சுழலும் குண்டு வெளியே இழுக்க, வீரர் அதற்கு மறுபுறமாக உடலைக் கொண்டுபோய் நிறுத்துகிறாரே, அது. இப்போதைக்கு ‘எதிர்விசை’ என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

இயற்பியல் ஆசிரியை

எதிர்விசை வேண்டவே வேண்டாம். நியூட்டனின் மூன்றாம் விதியில் அது குடியேறி வெகுகாலம் ஆகிறது. கம்பியை இழுத்தால் கம்பி நம்மை இழுக்கும். வீரர் என்ன செய்தாலும் அந்த எதிர்விசை இருக்கத்தான் போகிறது. நீங்கள் கேட்பதோ அவர் தெரிந்து செய்யும் ஒரு செயல்.

சின்னக் கணக்கு ஒன்று. 80 மீட்டரைத் தாண்டும் எறிதலில் குண்டு கையை விடும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 29 மீட்டர். சுழலும் ஆரத்தை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மையநோக்கு விசை 3,400 நியூட்டனை ஒட்டி வரும். அதாவது கிட்டத்தட்ட 345 கிலோவைத் தொங்கவிட்டுப் பிடித்திருப்பது போல. நூறு கிலோ ஆள் நெட்டுக்குத்தாக நின்றால் குண்டு அவரை வலைக்கூண்டுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். உடலின் எடையை மறுபுறம் வைத்தால்தான் அவரும் குண்டும் சேர்ந்து ஒரு பொது மையத்தைச் சுற்ற முடியும். அதைச் சொல்லும் சொல் வேண்டும்.

பயிற்சியாளர்

களத்தில் நான் சொல்வது ஒரே சொல்: “உட்காரு.” பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

‘சாய்’ என்று ஒருமுறை சொல்லிப் பட்டுவிட்டேன். சாய் என்றதும் தோளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கூடவே முழங்கை மடங்கியது. முழங்கை மடங்கினால் ஆரம் குறைந்தது, எறிதல் போச்சு. கை வெறும் கயிறு மாதிரி நீண்டு கிடக்க வேண்டும். முழங்கால் மடங்கி, இடுப்பு பின்வாங்கி, இல்லாத நாற்காலியில் அமர்கிற மாதிரி இருக்க வேண்டும். கண் குண்டை விட்டு அகலக் கூடாது.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதல் வாரம் குண்டே கொடுப்பதில்லை. எதிரே நின்று அவர்களின் இரு கைகளையும் பிடித்துக்கொள்வேன். இருவரும் பின்னால் அமர்ந்து, குதிகால் மேலும் விரல்நுனி மேலுமாக மெல்லச் சுற்றுவோம். ஒருவர் கையை விட்டால் இருவரும் மண்ணில். அந்த இழுபடலை உள்ளங்கையில் உணர்ந்த பிள்ளைக்குப் பிறகு எந்தச் சொல்லும் தேவைப்படுவதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முதலில் தலைப்பையே திருத்துவோம். சங்கிலிக் குண்டு என்கிறீர்கள்; அதில் சங்கிலி எங்கே இருக்கிறது? எஃகுக் கம்பி அல்லவா? சம்மட்டி என்பாரும் உளர். அதில் மரப்பிடியும் இல்லை, அடிக்கும் முகமும் இல்லை.

புறநானூறு 170ஆம் பாட்டில் “கருங்கைக் கொல்லன் விசைத்தெறி கூடமொடு பொரூஉம் உலைக்கல்” வருகிறது. கூடம் என்றால் கொல்லனின் சம்மட்டி. விசைத்து எறி கூடம்! எறிதல் என்ற வினைக்கு அடித்தல், வீசுதல் இரண்டும் பொருள் என்பதை இங்கே நோக்குக. வீசுகருவியாகி விளையாட்டாக மாறிய சம்மட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? ‘கூடம் எறிதல்’ என்றே ஆள்வோம். கவண் என்றும் ஓர் எண்ணம் உண்டு. கம்பியில் கட்டிய கனத்தைச் சுழற்றி விடுவது பொறிமுறையில் கவணேதான். கவர், கவடு, கவட்டை, கவண் எல்லாம் ஒரே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

இயற்பியல் ஆசிரியை

ஐயா, கூடம் எறிதல் என்று அச்சிட்டால் என் மாணவர்கள் பள்ளிக்கூடத்தைத் தூக்கி எறியலாம் என்று மகிழ்ந்துவிடுவார்கள்.

ஆய்வு மாணவி

அந்தக் கவட்டை மடல் வருமுன் ஒரு முன்மொழிவு. பயிற்சியாளர் ஐயா விவரித்தது அப்படியே தட்டாமாலை! கைகோத்துப் பின்னால் சாய்ந்து சுற்றுவது. ‘தட்டாமாலைச் சாய்வு’ என்றால் படிப்பவர் உடம்புக்கே நினைவு வரும்.

மற்றோர் உறுப்பினர்

நாங்கள் அறிந்த தட்டாமாலையில் கையை விரித்துக்கொண்டு தனியாகத்தான் சுற்றுவோம், தலைசுற்றி விழும்வரை. எறிதலில் அது நடந்தால் தவறான எறிதல் என்று கொடி காட்டுவார்கள்.

*(தட்டாமாலை ஒற்றையா இரட்டையா என்று பதினொரு மடல்கள் ஓடின. தொகுப்பில் அவற்றை விட்டுவிட்டேன். – மொழிபெயர்ப்பாளர்)*

தமிழாசிரியர்

சாய்வு என்பது விழப்போகும் சுவருக்குரிய சொல். ‘ஈடுகொடுத்தல்’ எப்படி? “அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்தான்” என்கிறோம். ஒன்றின் வலிமைக்குச் சமமாக நிற்பது. பெயராக்கினால் ‘ஈட்டம்’.

இயற்பியல் ஆசிரியை

ஈடுகொடுத்தல் நன்றாக இருக்கிறது, உண்மையிலேயே. ஈட்டம் வேண்டாம் ஐயா, அது பணம் ஈட்டுவது.

பயிற்சியாளர்

“ஈடுகொடு” என்று நான் கத்தினால் பையன் இன்னும் வேகமாகச் சுற்றுவான். அதுதான் ஆகாது. சோவியத் வீரர் யூரி செதிக் மூன்றே சுற்றில் 86.74 மீட்டர் எறிந்தார், 1986இல், ஸ்டுட்கார்ட்டில். பலரும் நான்கு சுற்று சுற்றுகிறார்கள். அந்த உலக சாதனை இன்னும் நிற்கிறது. காலைப் பரபரவென்று மாற்றுவதில் காரியமில்லை. வலது கால் சீக்கிரம் தரைக்கு வர வேண்டும். இருகால் ஊன்றலில் குண்டு மேலிருந்து இறங்கும்போதுதான் அதற்கு வேகம் ஊட்ட முடியும். அந்த நேரத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்

இதற்கிடையில் இன்னொன்று. செதிக்கின் பயிற்சியாளர் பொந்தார்ச்சுக் (1972 மியூனிக்கில் தானே தங்கம் வென்றவர்) வலியுறுத்திய ‘டிரான்ஸ்ஃபர்’: ஒரு பயிற்சியில் பெற்ற முன்னேற்றம் எறிதலில் எவ்வளவு தெரிகிறது என்பது. பாரந்தூக்கிக் குந்தி எழுவதில் இருபது கிலோ கூடினாலும் எறிதூரம் அசையாமல் இருக்கலாம். கூடுதல் எடை, குறைந்த எடைக் குண்டுகளை எறிந்தால் பலன் நேராக வரும் என்கிற பேச்சு. ‘பயிற்சிக் கடத்தல்’ என்று எழுதினேன். என் மனைவி படித்துவிட்டு, “யாரைக் கடத்தினார்கள்?” என்றாள்.

இயற்பியல் ஆசிரியை

வெப்பக் கடத்தல் என்று நாங்கள் எழுதுகிறோம், எந்தக் காவலரும் வரவில்லை. ஆனாலும் ‘பயிற்சிப் பலன் பெயர்வு’ என்று விரித்தே எழுதுங்கள். ஒற்றைச் சொல்லாக்கும் வெறி எல்லா இடத்திலும் தேவையில்லை.

ஆய்வு மாணவி

கவுன்ட்டருக்கு ‘எதிரமர்வு’? எதிர்ப்புறம் அமர்தல். பயிற்சியாளர் ஐயாவின் உட்காரலும் இருக்கிறது, ஆசிரியர் ஐயா வெறுக்கும் சாய்வும் இல்லை.

தமிழாசிரியர்

எதிரமர்வு என்றால் பேச்சுவார்த்தைக்கு மேசையின் இரு பக்கமும் அமர்ந்திருப்பது போல ஒலிக்கிறது. ஆயினும் சொல்லமைப்பில் குற்றமில்லை.

மற்றோர் உறுப்பினர்

எதிர்ச்சாய்வு என்று போட்டுவிட்டுப் போகலாம். படித்தவுடன் புரியும். தோளா இடுப்பா என்பதைச் சொல்லுக்குள் திணிக்க முடியாது, அதைப் பக்கத்தில் இருக்கும் படம் சொல்லும். நான் தூங்கப் போகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் (வெள்ளி, இரவு 11.40)

எதிர்ச்சாய்வுக்கு ஐவர், எதிரமர்வுக்கு மூவர், ஈடுகொடுத்தலுக்கு ஒருவர். இயற்பியல் அம்மா இரண்டுக்குக் கை தூக்கியதால் கணக்கில் சேர்க்கவில்லை. கையேட்டில் ‘எதிர்ச்சாய்வு’ என்றே போகிறது. முதலில் வரும் இடத்தில் மட்டும் “இடுப்பால் அமர்ந்து, தோளால் அல்ல” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். விளையாட்டின் பெயர் சங்கிலிக் குண்டு எறிதல்தான். நாளேடுகளில் அப்படித்தான் படிக்கிறார்கள். பொறுத்தருள்க.

பயிற்சியாளர்

அந்த ஒரு வரிக்கு நன்றி. நான் “உட்காரு” என்றுதான் கத்துவேன்.

தமிழாசிரியர்

‘கூடம்’ என்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஒருவரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கவட்டை பற்றிய மடல் நாளை வரும், மூன்று பகுதிகளாக.