வெல்லர்மேன் ஷான்டியா, இல்லையா?

கயிற்றுப்புரி:
2020 கடைசியில் ஸ்காட்லாந்துத் தபால்காரர் நேதன் எவன்ஸ் டிக்டாக்கில் பாடி, 2021 மார்ச்சில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. எல்லாரும் ஷான்டி என்கிறார்கள், அதாவது பாய்க்கப்பலில் கயிறு இழுப்பது போன்ற வேலைக்குத் தாளம் கொடுக்கும் மாலுமிப் பாட்டு. இல்லை. அது நியூசிலாந்துத் திமிங்கில வேட்டையின் கதைப்பாட்டு. 1831ல் ஒட்டாகோவில் வேட்டை நிலையம் போட்ட வெல்லர் சகோதரர்களின் ஆள் எப்போது சர்க்கரையும் தேயிலையும் ரம்மும் கொண்டுவருவான் என்று பாடுகிறார்கள். இதில் கயிறு எங்கே?

உப்புக்காத்து:
கயிறு மட்டுமா வேலை? நங்கூரம் தூக்க, கேப்ஸ்டன் என்ற செங்குத்து உருளையில் கட்டைகளைச் செருகி நெஞ்சால் தள்ளிச் சுற்றி வருவார்கள். அதற்கு நடைத்தாளமும் நீளமான பல்லவியும் போதும். பட்டாளத்து நடைப்பாட்டைக்கூட எடுத்துக்கொண்டார்கள்.

கயிற்றுப்புரி:
கேப்ஸ்டன் சரி, விட்டுவிடுகிறேன். பாய் ஏற்றும் கயிற்றுக்கு வாங்க. பாட்டை நடத்தும் ஷான்டிமேன் தனி வரி பாடும்போது கூட்டம் மூச்சு வாங்கிப் பிடியை மாற்றும். பதில் வரியில் குறித்த இரண்டு சொல்லில் இரண்டு இழுப்பு. பாயை இறுக்கும் கடைசி வேலைக்கு ஒரே இழுப்பு, அதுவும் வரியின் கடைசிச் சொல்லில். நம்ம மீனவர்களின் அம்பாப் பாட்டில் 'ஐலசா' விழும் இடத்தைக் கவனித்தவருக்கு இது புதிதில்லை. இப்போதைய குழுக்கள் ஓட்டமாக ஓட்டுகிறார்கள். அந்த வேகத்தில் இழுத்தால் பாதிப் பேர் இழுப்பார்கள், பாதிப் பேர் பிடி தேடுவார்கள். பாய் தொங்கும் குறுக்குமரம் அசையாது.

பருத்திப்பொதி:
வெள்ளைக்காரக் கப்பலை விட்டு இரண்டு பேரும் இறங்கவே மாட்டீர்களா? மொபைல், நியூ ஆர்லியன்ஸ் துறைமுகங்களில் திருகு ஜாக்கி வைத்துப் பருத்திப் பொதிகளைக் கப்பலுக்குள் நெருக்கித் திணித்த கறுப்பினத் தொழிலாளிகளின் பாட்டுகளும் ஷான்டிகளில் கலந்திருக்கின்றன. பிரிட்டிஷ் போர்க்கப்பலில் வேலைநேரத்தில் பாட அனுமதி கிடையாது. அங்கே ஆள் ஏராளம். வணிகக் கப்பலில் முதலாளி கூலியை மிச்சம் பிடித்தார், ஆள் குறைவு. அதனால் பாட்டு தேவைப்பட்டது.

உப்புக்காத்து:
நல்ல திருத்தம். கயிற்றுப்புரிக்கு ஒரு கேள்வி. 1929ல் கேப் வெர்டே பக்கம் 'கார்த்பூல்' என்ற பாய்க்கப்பல் உடைந்தபோது அதில் ஷான்டிமேனாக இருந்தவர் ஸ்டான் ஹியூகில். 1961ல் ஷான்டிகளைத் தொகுத்து வெளியிட்டபோது பச்சையான அடிகளை அவரே மாற்றினார். அவரையும் தள்ளிவிடலாமா?

கயிற்றுப்புரி:
சொல்லை யாரும் மாற்றலாம், ஷான்டிமேன் வேலையே அதுதான். குறுக்குமரம் மேலே ஏறி முடியாவிட்டால் புது அடி கட்டுவார். ஏறிவிட்டால், மேட் என்ற கப்பல் அதிகாரி "கயிற்றைக் கட்டு!" என்று கத்தியதும் பாதிச் சொல்லில் பாட்டு நிற்கும். மேடையில் அப்படி நிறுத்துகிற ஒரு குழுவைக் காட்டுங்க.