16-ஆம் லெவல் வரை: காசாடினோடு நான் ஆடிய ஆட்டங்கள்

ஐந்து பேருக்கு ஐந்து பேர் இணையத்தில் மோதும் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் விளையாட்டில் நான் அதிகம் ஆடியது காசாடின். 2009-லேயே வந்துவிட்ட பழைய சாம்பியன், அதாவது நாம் எடுத்து ஆடும் பாத்திரம். மிட் லேன் என்ற நடுப்பாதையில் ஆடும் அசாசின்தான், ஆனால் செட் (Zed) மாதிரி மூன்றாம் லெவலிலேயே ஆளை முடிக்கிற வகை இல்லை. காசாடினின் பலம் முழுக்க அல்டி என்ற பெரிய வித்தையில் இருக்கிறது. ரிஃப்ட்வாக் என்ற அந்தத் தாவல் 6-ஆம் லெவலில் கிடைக்கும்போது கூல்டவுன் (மறுபடி போடக் காத்திருக்கும் நேரம்) 5 நொடி, 11-இல் 3.5 நொடி, 16-இல் வெறும் 2 நொடி. அந்த 2 நொடிக்காகத்தான் இவ்வளவு காத்திருப்பும்.

முதலில் தோற்ற ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டது அதில்தான். எதிரே அஹ்ரி. அவள் அடிப்பதில் பெரும்பகுதி மேஜிக் டேமேஜ், காசாடினுக்கு அதைக் குறைக்கும் பாசிவ் (தானாகவே வேலை செய்யும் திறன்) உண்டு, க்யூ பொத்தானின் வித்தை தரும் கவசமும் அதற்கென்றே இருப்பது. லேன் சுலபமாகப் போனது. 16-ஆம் லெவல் வந்தபோது என்னிடம் 9 கில். இனி என்னை யாரும் தடுக்க முடியாது என்று நம்பினேன். ஆற்றோரத்தில் அவர்களுடைய ஜின்க்ஸ் தெரிந்த அடுத்த கணமே தாவினேன். பக்கத்தில் லூலு இருந்தாள். ஒரே பாலிமார்ஃப், நான் சின்னப் பிராணியாகிவிட்டேன். தாவவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அது கலைவதற்குள் செத்துவிட்டேன். அவர்கள் நேராகப் போய் பேரன் (Baron) என்ற பெரிய மிருகத்தைக் கொன்று எடுத்தார்கள், அந்தப் பலத்திலேயே உள்ளே வந்து எங்கள் தளத்தின் மையமான நெக்ஸஸை உடைத்தார்கள். எங்கள் டீமில் யாரும் திட்டவில்லை. சப்போர்ட் ஆடியவர் மட்டும், "ஏன் தனியாகப் போனீர்கள்?" என்று கேட்டார். பதில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்கு அப்புறம் சில வாரம் கழித்து வந்ததுதான் என் மனதில் இன்றும் நிற்கிற ஆட்டம். இந்த முறை எதிரே செட். அவன் அடிப்பது பெரும்பாலும் பிசிக்கல் டேமேஜ். என் பாசிவும் கவசமும் அவனிடம் அதிகம் பயன்படாது. முதல் ஐந்து லெவலுக்கு என் கையில் ஒரு தாவல்கூடக் கிடையாது.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், நானும் ரொம்ப நாள் தவறினேன். மினியன் என்ற குட்டிப் படைவீரன் சாகும்போது தங்கம் வேண்டுமென்றால் கடைசி அடி நம்முடையதாக இருக்க வேண்டும். லெவலை ஏற்றும் எக்ஸ்பிக்கு அது வேண்டாம், பக்கத்தில் இருந்தாலே போதும். முன்வரிசை மினியன் ஒன்றுக்கு 21 தங்கம், பின்வரிசைக்கு 14. என்னைக் கொன்றால் செட்டுக்கு 300, அதுவே ஆட்டத்தின் முதல் கொலையாக இருந்தால் 400. 21-க்கு ஆசைப்பட்டு முன்னே போய் 400-ஐக் கொடுப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆட்டத்தில் ஒரு முழு வேவையும் (மினியன் கூட்டத்தை) தொடாமல் பின்னால் நின்று எக்ஸ்பி மட்டும் வாங்கினேன். எங்கள் காவல் கோபுரமான டவருக்கு அடியில் வந்ததை டபிள்யூ வித்தை போட்டு அடித்தேன். அதில் வித்தைகளுக்குச் செலவாகும் மேனாவும் கொஞ்சம் திரும்பும், சாம்பியனை அடித்தால் இன்னும் அதிகமாகத் திரும்பும். ஆனால் செட்டை நெருங்கி அடிக்கும் துணிச்சல் அப்போது எனக்கு இல்லை.

இருந்தும் இரண்டு முறை செத்தேன். ஒன்று அவர்களுடைய காட்டில் திரியும் ஜங்கிளர் வந்து டவருக்கு அடியிலேயே டைவ் அடித்தது, இன்னொன்று முழுக்க என் தவறு. ராட் ஆஃப் ஏஜஸ் கைக்கு வரத் தாமதமானது. அந்த ஐட்டம் நிமிடத்துக்கு ஒரு படியாக 10 நிமிடம் வளர்ந்துதான் முழுமையாகும், அதனால் வாங்குவது இரண்டு நிமிடம் தள்ளினால் எல்லாமே இரண்டு நிமிடம் தள்ளும்.

20 நிமிடம் ஆனதும் சரண்டர் ஓட்டு வந்தது. 5 பேரில் 4 பேர் ஆம் சொன்னால் ஆட்டம் முடிந்துவிடும். மூன்று பேர் ஆம் சொன்னார்கள். நான் இல்லை என்றேன். இன்னொருவரும் இல்லை என்றார், அது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சேட்டில் ஒரே வரி எழுதினேன்: "இப்போது 13. 16 வரைக்கும் சண்டை வேண்டாம், வேவை மட்டும் தடுங்கள், ப்ளீஸ்." யாரும் பதில் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் தேவையில்லாமல் ஆற்றுப் பக்கம் போகவில்லை. முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு வரியை நம்பி இரண்டு டவரை விட்டுக்கொடுத்துப் பொறுமையாக நின்றதை நினைத்தால் இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இதற்கிடையில் செட் என்னைத் தேடி வந்தான். என்னிடம் சோன்யாஸ் என்ற ஐட்டம் இருந்தது. அதை அழுத்தினால் 2.5 நொடி யாராலும் தொட முடியாது. செட்டின் அல்டி முத்திரை குத்தியதிலிருந்து 3 நொடியில் வெடிக்கும். முத்திரை விழுந்ததுமே பதறி அழுத்தினால், வெடிப்பதற்கு அரை நொடி முன்னால் வெளியே வந்து நின்றுவிடுவோம். ஒரு நொடி பல்லைக் கடித்துக்கொண்டு அடி வாங்கிவிட்டு அழுத்த வேண்டும். அன்றைக்கு அது சரியாக அமைந்தது. உறைநிலையில் இருக்கும்போதே முத்திரை வெடித்து வீணானது. வெளியே வந்து இரண்டு தாவலில் அவனை முடித்தேன். அந்த ஆட்டத்தில் என் முதல் கில் அதுதான்.

16 வந்தபோது அவர்களிடம் மூன்று டிராகன். நான்காவதையும் எடுத்தால் சோல் என்ற நிரந்தர பலம் அவர்களுக்குப் போய்விடும், அப்புறம் மீள்வது கடினம். டிராகன் குழிக்குப் பின்னால், சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். முன்னே ஜின்க்ஸ், பக்கத்தில் மறுபடியும் லூலு. அதே இருவர் என்பதைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

தாவலின் மேனாக் கணக்கு ஒவ்வொரு காசாடினுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். முதல் தாவல் 40. அடுத்தடுத்து தாவினால் 80, 160, 320, 640 என்று இரட்டிக்கும். முதல் நான்கும் சேர்ந்தே 600தான், ஐந்தாவது ஒன்று மட்டும் 640. டேமேஜும் கூடவே ஏறும் என்பதால் ஆசை விடாது. ஆனால் ஐந்தாவதுக்கு மேனா இல்லாமல் எதிரிகள் நடுவில் நின்றுபோனால் திரும்பி வர வழியே இல்லை. அதனால் உள்ளே போகும் தாவல்களை எண்ணும்போதே வெளியே வருவதற்கான ஒன்றையும் சேர்த்து எண்ணிக்கொள்கிறேன்.

அன்று தாவலை மட்டும் எண்ணவில்லை, லூலுவின் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் டாப் லேனர் முதலில் உள்ளே நுழைந்தார். பாலிமார்ஃப் அவர்மேல் விழுந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சுவரைத் தாண்டினேன். ஜின்க்ஸ், அப்புறம் லூலு, ஓடப் பார்த்த செட். மூன்று பேர் விழுந்தார்கள். டிராகனை நாங்கள் எடுத்தோம். அடுத்த பேரன் எங்களுக்கு. அதற்கு அடுத்த வேவோடு அவர்கள் நெக்ஸஸ் உடைந்தது. அதுவரை ஒரு சொல் எழுதாத சப்போர்ட், "13-லிருந்து 16. எண்ணிக்கொண்டே இருந்தேன்" என்று எழுதினார். இரண்டாவது 'இல்லை' அவருடையதாக இருக்கலாம்.

பழைய ஆட்டக்காரர்கள் ஒன்று சொல்வார்கள்: 2014 வரை காசாடினின் க்யூ எதிரியை சைலன்ஸ் செய்துவிடுமாம், அடுத்த ஸ்பெல்லே போட முடியாது. இப்போது அது இல்லை. நின்று செய்கிற வித்தையை மட்டும் கலைக்கும். காட்டரினா கத்தி சுழற்றும்போது ஒரு க்யூ போட்டால் அவள் அல்டி நின்றுவிடும். அந்த ஒரு க்யூவுக்காகவே அவளுக்கு எதிரே காசாடின் எடுக்கப் பிடிக்கும்.

டாலோனிடம் மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. லேனில் நான் சாகாமல் இருந்தாலும் அவன் சுவர் தாண்டிக் கீழ்ப்பாதையான பாட் லேனுக்குப் போய்விடுகிறான், 6-க்கு முன்னால் என்னால் பின்தொடர முடிவதில்லை. ஆளைக் காணோம் என்று டீமுக்கு மிஸ்ஸிங் பிங் அடித்துவிட்டு வேவைத் தள்ளி டவரைத் தட்டிப் பார்த்தேன், ஆனால் என் டேமேஜுக்கு டவர் அசைவதில்லை. இப்போதைக்கு என் பேன் (ban), அதாவது ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சாம்பியனை யாரும் எடுக்காமல் தடுப்பது, அவனுக்குத்தான். டாலோனைத் தாண்டி வந்தவர்கள் முதல் ஆறு லெவலை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதினால் அடுத்த முறை பேன் செய்யாமல் ஆடிப் பார்ப்பேன்.